உழுகிற நாளில் இங்கே இருங்கள்

சங்கத் தலைவர் அம்மா அவர்களே, செயலாளர் தம்பி அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பள்ளி வாரிய உறுப்பினர் அவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவினரே, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, இந்தக் கான்சாஸ் குளிரிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம். மேடைக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் அமைத்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன்: கல்வி வாரியத் தேர்தல், பள்ளி ஆய்வகம், அறிவியல் ஆசிரியர் சம்பளம். மாநிலத்தின் பிழைப்பு இந்த மூன்றிலும் இருக்கிறது.

என் அப்பா திருவையாற்றுப் பக்கம் விவசாயி. அடிக்கடி ஒன்று சொல்வார்: 'உழுகிற நாளில் ஊருக்குப் போய்விட்டு, அறுக்கிற நாளில் அரிவாளோடு வந்தானாம்.' இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1999 ஆகஸ்டில் நம் கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியம் அறிவியல் பாடத்திட்டத்தைத் திருத்தியது. பத்து உறுப்பினர்களில் ஆறு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வருவதைச் சொல்லும் பரிணாமப் பாடத்தின் பெரும்பகுதி போயிற்று, பிரபஞ்சத்தின் தொடக்கத்தைச் சொல்லும் பெருவெடிப்பும் போயிற்று. கற்பிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மாநிலத் தேர்வில் கேட்க மாட்டோம், கற்பிப்பது அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம் என்றார்கள். தேர்வில் வராத பாடத்துக்கு வகுப்பில் எத்தனை நாள் கிடைக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இது கோதுமை மாநிலம். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் 1994-ல் வெளியிட்ட ஜாகர் என்ற கோதுமை ரகம் மஞ்சள் துரு என்ற பூஞ்சண நோயைத் தாங்கி நின்றது. விவசாயிகள் விரும்பி விதைத்தார்கள். 2010 வாக்கில் அந்தப் பூஞ்சணமே மாறி வந்து அதைத் தாக்கியது. பரிணாமம் நம் வயலிலேயே நடக்கிறது. அதைப் படிக்காத பிள்ளை அடுத்த ரகத்தை எப்படி உருவாக்கும்?

அந்த 1999 அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். நுண்ணுயிரியலாளர் ஒருவர் தேவைப்பட்டார். மதுரைக்காரத் தம்பி ஒருவர் விஸ்கான்சினில் ஆராய்ச்சி முடித்திருந்தார். நேர்காணல் பிரமாதம். ராத்திரி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். என் மனைவி வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், பால் பாயசம் என்று அமர்க்களப்படுத்திவிட்டாள். அந்தத் தம்பியின் மனைவி தாவரவியல் படித்தவர். சாப்பிட்டு முடித்ததும் என் மகளைக் கூப்பிட்டு, 'உன் சயின்ஸ் புத்தகத்தைக் காட்டு கண்ணு' என்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டைனோசர் பக்கம் வந்ததும் நிறுத்தி, 'அண்ணா, இது அடுத்த வருஷமும் இருக்குமா?' என்று கேட்டார். எங்கள் மாவட்டத்தில் கற்பிக்கிறார்கள் அம்மா என்றேன். 'எத்தனை வருஷத்துக்கு?' என்றார். எனக்குப் பதில் இல்லை. பாயசம் அப்படியே ஆறிப்போனது. இரண்டு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தார். 'சம்பளம் உங்கள் ஊரில்தான் அதிகம் அண்ணா, வீடும் அங்கேதான் மலிவு. ஆனால் வட கரோலினாவுக்குப் போகிறோம்' என்றார். அவருக்குக் கீழே மூன்று பேரை எடுப்பதாக இருந்தது. அந்த மூன்று வேலையும் வரவே இல்லை. மூன்று சம்பளம், மூன்று வீடு, மூன்று வீட்டின் வரி, எல்லாம் போயிற்று. அந்த வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்து மாநிலக் கணக்குப் போடாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி. லூசியானாவைப் பாருங்கள். பரிணாமத்தைச் சந்தேகத்துக்குரியதாகக் காட்ட வழிவிடும் சட்டம் 2008-ல் அங்கே வந்தது. உயிரியலாளர் சங்கம் ஒன்று 2011 மாநாட்டை நியூ ஆர்லியன்ஸில் நடத்த மாட்டோம் என்று சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் அங்கே போயின.

இங்கே கான்சாஸில் 2000 ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில், வாரியத்தை மாற்றினார்கள். 2001 பிப்ரவரியில் பாடம் திரும்பியது. 2004 ஆகஸ்ட் தேர்தலில் வாரியம் மறுபடி பரிணாமத்தை எதிர்ப்பவர்கள் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு உயிரியல் தொழில்களுக்கு என்று தனிச் சட்டம் போட்டு, சுமார் 58 கோடி டாலர் திரட்டக் கிளம்பியது இதே மாநிலம். அடுத்த ஆண்டு நவம்பரில் வாரியம் அறிவியல் என்ற சொல்லின் விளக்கத்தையே மாற்றியது! ஒரு கை ஆய்வகம் கட்ட, இன்னொரு கை அஸ்திவாரத்தைத் தோண்டியது. 2006 ஆகஸ்டில் மக்கள் வாரியத்தை மறுபடி மாற்ற, 2007-ல்தான் அது சரியானது. இரண்டு முறையும் மாற்றத்தைக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். கட்சி அதேதான், ஆள்தான் மாறினார்கள். அதனால் இது கட்சிப் பேச்சு அல்ல.

தேர்தல் எல்லாம் ஆகஸ்டிலேயே முடிவாகிறது, கவனித்தீர்களா? நவம்பர் பொதுத்தேர்தலுக்கு வரும் கூட்டத்தில் பாதிகூடப் பெரும்பாலும் அப்போது வராது. சில நூறு ஓட்டுகூட முடிவை மாற்றிவிடலாம். அந்த ஆகஸ்டில் நாம் எங்கே இருக்கிறோம்? பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, எல்லோரும் ஊரில். 2004 ஆகஸ்டில் நானும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன், புதுக் குடியுரிமையோடு. உழுகிற நாளில் ஊருக்குப் போனவன் நான். பாடம் மாறியதும் அரிவாளோடு வந்து வாரியக் கூட்டத்தில் நின்றேன்.

ஆய்வகம் பற்றியும் ஆசிரியர் சம்பளம் பற்றியும் பேச நேரமில்லை, தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். குடியுரிமை வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஆகஸ்ட் முதல் செவ்வாயைக் காலண்டரில் குறியுங்கள். விமான டிக்கெட் அதற்கப்புறம். முடியாதவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. வாசல் பக்கம் மேஜை போட்டிருக்கிறோம், இரண்டு தங்கைகள் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கிறது.