வோராபாக்சர்: இறுகப் பற்றியதால் வந்த பலமும் பாதகமும்

நேயர்களுக்கு வணக்கம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கொடுப்பதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்போம். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் தடுப்பதே இவ்விரண்டின் வேலை. தட்டணுவுக்குள் திராம்பாக்சேன் என்னும் தூண்டுபொருள் உண்டாவதை ஆஸ்பிரின் நிறுத்துகிறது. ஏடிபி என்னும் மற்றொரு தூண்டுபொருள் வந்து சேரும், தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைக் குளோபிடோகிரெல் அடைக்கிறது. ஆனால் தட்டணுவைத் தூண்டுவதில் மிக வலிமை வாய்ந்தது திராம்பின் என்னும் நொதி. அதன் பாதை மட்டும் நெடுங்காலம் திறந்தே கிடந்தது. அதை அடைப்பதற்கென உருவாகி, ஆய்வுக் காலம் முழுவதும் எஸ்சிஎச் 530348 என்று எண்ணால் அழைக்கப்பட்டு, பிறகு வோராபாக்சர் என்று பெயர் பெற்ற சேர்மத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

திராம்பின் செயல்படும் விதம் விசித்திரமானது. மற்றத் தூண்டுபொருள்கள் ஏற்பியில் வந்து பொருந்தி விலகிப் போகும். திராம்பினோ ஏற்பியின் வெளிநுனியை வெட்டுகிறது. பார்-1 என்னும் அந்த ஏற்பியை 1991இல் சான் பிரான்சிஸ்கோவில் ஷான் காக்லின் குழுவினர் இனங்கண்டனர். 41ஆம் இடத்து ஆர்ஜினினுக்கும் 42ஆம் இடத்து செரினுக்கும் இடையே வெட்டு விழுந்ததும், புதிதாக வெளிப்படும் நுனி மடங்கி வந்து அதே ஏற்பியின் உடலில் பொருந்தித் தட்டணுவைத் தூண்டிவிடுகிறது. ஏற்பியோடு பிணைந்தே கிடக்கும் இந்த நுனியோடு போட்டியிட வேண்டுமானால், அவ்வப்போது வந்து ஒட்டி விலகும் மருந்து போதாது. இறுகப் பற்றி, மிக மெல்ல மட்டுமே விடுகிற மருந்து வேண்டும். இந்த மருந்தின் நன்மையும் தீமையும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறந்தன என்பது என் கருத்து.

இதன் மூலம் ஒரு மரப்பட்டை. குயின்ஸ்லாந்து, பப்புவா நியூ கினி மழைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கும் ஹிம்பாசின் என்னும் ஆல்கலாய்டை, மறதி நோய்க்கு உதவுமா என்ற நோக்கில்தான் வேதியியலாளர்கள் முதலில் ஆராய்ந்தார்கள். ஷெரிங் ப்ளோ நிறுவனத்தில் சாமுவேல் சாக்கலமண்ணில் குழுவினர் அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்த சேர்மங்கள், எதிர்பாராத விதமாகத் திராம்பின் ஏற்பியைத் தடுத்தன. எலியின் தட்டணுவில் பார்-1 இல்லை என்பதால் வழக்கமான எலிச் சோதனைகள் இங்கே உதவவில்லை. குரங்குகளில் சோதிக்க நேர்ந்தது. 2012இல் பார்-1இன் படிக அமைப்பு, வோராபாக்சர் உள்ளே பிணைந்த நிலையிலேயே வெளியானது.

ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜனை, உறைவைப் பிணைக்கும் இழையான ஃபைப்ரினாகத் திராம்பின் மாற்றும் வேலையை இம்மருந்து தொடுவதில்லை. தட்டணுவிலுள்ள ஏடிபி, திராம்பாக்சேன் பாதைகளையும் தொடுவதில்லை. எனவே ரத்தக்கசிவு அதிகரிக்காது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காகிதத்தில் நல்ல காரணம் இருந்தது.

வாய்வழி உட்கொண்டால் மருந்து ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சப்பட்டு, ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. பெரும்பாலும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியால் சிதைந்து மலத்தின் வழியே வெளியேறுகிறது. அதனால் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல் இதன் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. உடலிலிருந்து நீங்கும் இறுதிக்கட்ட அரைவாழ்வுக் காலம் சுமார் 8 நாட்கள். நிறுத்தி நான்கு வாரம் கழிந்தாலும் தட்டணுத் தடுப்பு பாதியளவுக்கு எஞ்சியிருக்கும். முறிமருந்து கிடையாது, டயாலிசிஸ் செய்தாலும் மருந்து நீங்காது. அவசர அறுவைச் சிகிச்சைக்கு வரும் ஒருவரிடம் மருத்துவர் "மாத்திரையை நேற்றே நிறுத்திவிட்டேன்" என்ற பதிலைக் கேட்டால், அதில் ஆறுதல் ஏதும் இல்லை.

இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. திடீர் மாரடைப்பு வகை நோயாளிகள் 12,944 பேரைக் கொண்ட ட்ரேசர் ஆய்வில் முதன்மை நோக்கம் புள்ளிவிவர அளவில் நிறைவேறவில்லை; மண்டையோட்டுக்குள் ரத்தக்கசிவோ 0.2 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாக உயர்ந்தது. 26,449 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை சேர்ந்து 10.5 விழுக்காட்டிலிருந்து 9.3ஆகக் குறைந்தன. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு மிகுந்ததால், முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கு மருந்தை இடையிலேயே நிறுத்தினார்கள். 2014 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தபோது, பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களுக்கும், மூளையில் ரத்தக்கசிவு கண்டவர்களுக்கும் தரக்கூடாது என்ற கடும் எச்சரிக்கையும் கூடவே வந்தது.

மனிதத் தட்டணுவில் பார்-4 என்ற இரண்டாவது திராம்பின் ஏற்பியும் உண்டு. அது திராம்பின் அதிகமாக உருவாகும்போதுதான் தூண்டப்படுகிறது. மெதுவாகத் தொடங்கி நீடித்துச் செயல்படுகிறது. அதை மட்டும், அதுவும் மீளக்கூடிய விதத்தில், தடுத்தால் ரத்தக் கட்டி குறையும், கசிவு மிகாது என்ற எண்ணத்தில் பிஎம்எஸ்-986120 போன்ற சேர்மங்கள் மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைக்கு வந்திருக்கின்றன.