இம்போர்ட் ஆகிவிட்டால் தொடங்கிவிட்டதா? கொலுசுப் பட்டறை மென்பொருள் பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நீளமாக எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்கிறேன். கொலுசுப் பட்டறைக்கு, ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஒரு மென்பொருள் செய்திருக்கிறார். இத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், இத்தனை கிராம் கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று கணக்கு வைக்கும் வேலை. உள்ளே ஐந்து மாட்யூல், அதாவது தனித்தனி ஃபைலில் இருக்கும் பகுதிகள்: டேட்டாபேஸ், கேபிளில் மாட்டிய எலக்ட்ரானிக் தராசு, டேக் பிரிண்டர், வெள்ளி விலையை அவ்வப்போது எடுத்து வரும் டைமர், வெப் சர்வர். "காலையில் தொடங்கும்போது சில நாள் டேட்டாபேஸ் அன்டிஃபைன்ட் என்று எர்ரர் வருகிறது, சில நாள் வருவதில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் தராசு திறக்க மாட்டேன் என்கிறது. பேசாமல் நெஸ்ட் ஜேஎஸ்ஸுக்கு மாறிவிடட்டுமா?" இதுதான் கேள்வி. (நெஸ்ட் என்பது நோட்டின் மேல் கட்டிய ஒரு ஃபிரேம்வொர்க்.)

முதல் எர்ரரைப் பார்ப்போம். அனுப்பிய கோடில் டேட்டாபேஸ் ஃபைலின் தலையிலேயே கனெக்ட் செய்கிறீர்கள். ஒரு மாட்யூலை எத்தனை ஃபைல் இம்போர்ட் செய்தாலும், அதாவது உள்ளே அழைத்துக்கொண்டாலும், அது ஒரே ஒரு தடவைதான் ஓடும். யாரையும் சாராத ஃபைல் முதலில் ஓடும், அதை நம்பியிருப்பது பின்னால் ஓடும். இதை நம்பித்தான் எல்லோரும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் ஃபைல் ஓடி முடிவது வேறு, கனெக்‌ஷன் கிடைப்பது வேறு. கனெக்‌ஷன் ஒரு பிராமிஸ், பிறகு தருகிறேன் என்ற வாக்கு. அது கைக்கு வருவதற்குள் தராசு மாட்யூல் டேட்டாபேஸைக் கேட்டால் அன்டிஃபைன்ட், அதாவது இன்னும் எதுவும் இல்லை என்பதுதான் கிடைக்கும். எது முந்துகிறது என்பது அன்றன்றைய வேகத்தைப் பொறுத்தது, அதனால்தான் சில நாள் மட்டும் வருகிறது.

"அதே இடத்தில் அவெயிட் போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். போடலாம். அந்த வாக்கு நிறைவேறும்வரை காத்திரு என்று சொல்வதுதான் அவெயிட். ஃபைலின் மேல்மட்டத்திலேயே அவெயிட் போடுவது ஜாவாஸ்கிரிப்டின் 2022 ஆம் ஆண்டு தரத்திலேயே வந்துவிட்டது, இம்போர்ட் செய்தவரும் காத்திருப்பார். இந்த எர்ரர் போய்விடும். ஆனால் சேதாரக் கணக்கு போடும் சின்ன ஃபங்ஷனை டெஸ்ட் செய்ய அந்த ஃபைலைத் தொட்டாலே டேட்டாபேஸும் தராசும் திறந்துகொள்ளும். அதைவிடப் பெரிய சங்கடம், ஜாவாஸ்கிரிப்டில் இம்போர்ட்டுக்கு எதிர்ப்பதம் கிடையாது. உள்ளே வரச் சொல்ல வார்த்தை இருக்கிறது, வெளியே போகச் சொல்ல இல்லை. இம்போர்ட்டிலேயே தொடங்கிவைத்த ஒன்றை எங்கே நிறுத்துவீர்கள்?

அதனால் நான் செய்வது இதுதான். எந்த ஃபைலும் இம்போர்ட் ஆகும்போது எதையும் திறக்கக் கூடாது. ஒவ்வொரு மாட்யூலும் ஸ்டார்ட், ஸ்டாப் என்று இரண்டு ஃபங்ஷன் கொடுக்கும். மெயின் ஃபைல் மட்டும்தான் அவற்றைக் கூப்பிடும், ஒவ்வொன்றையும் அவெயிட் செய்து. டேட்டாபேஸ் முதலில், அப்புறம் தராசு, பிரிண்டர், விலை டைமர், கடைசியில் வெப் சர்வர். சரக்கு எடுத்து வைத்த பிறகுதானே கடையின் ஷட்டரைத் தூக்குவோம்!

ஐந்து மாட்யூலுக்கு இந்த வரிசையைக் கையாலேயே எழுதிவிடலாம். முப்பது, நாற்பது என்று வளர்ந்தால், யாருக்கு யார் வேண்டும் என்று ஒவ்வொரு மாட்யூலும் ஒரு பட்டியல் சொல்லட்டும். யாருக்காகவும் காத்திருக்காதவரை எடுத்துத் தொடங்கு, அவருடைய பெயரை மற்றவர் பட்டியல்களில் அடி, மறுபடி பார். 1962 இல் கான் என்பவர் எழுதிய பழைய அல்காரிதம் இது, இருபது வரியில் முடியும். எடுக்க ஆளே இல்லாமல் சிலர் மிஞ்சினால் இரண்டு பேரோ அதற்கு மேலோ ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள் என்று பொருள். ஏற்காடு மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே நிற்குமே, அதுபோல. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இங்கே இருவருக்கும் பொதுவான கோடை மூன்றாவது ஃபைலுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது. மூன்றாவது மாட்யூல் தொடங்கும்போது விழுந்தால், ஏற்கெனவே தொடங்கிய இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் வெளியேற வேண்டும். டேக் பிரிண்டர் இல்லை என்பதற்காகக் கடையே திறக்காமல் இருக்க வேண்டுமா என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். டேட்டாபேஸ் இல்லையென்றால் நிறுத்துங்கள். பிரிண்டர் இல்லையென்றால் திரையில் சிவப்பில் ஒரு வரி போதும்.

இப்போது தராசு. இதில் எனக்கே சூடுபட்ட அனுபவம் உண்டு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு எடை போடும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். பறித்த பழத்தைச் சாயங்காலம் மூட்டை மூட்டையாக நிறுத்து, ஆளுக்கு எத்தனை கிலோ என்று பதிவார்கள். ஒரு நாள் ஏதோ மாற்றம் செய்து திரும்பத் தொடங்கினார்கள். தராசு போர்ட், அதாவது தராசின் கேபிள் வந்து சேரும் வழி, திறக்கவில்லை. பறித்தவர்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள், பனி இறங்குகிறது, எனக்கு போன்மேல் போன். இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறிப் போய்ப் பார்த்தால், பழைய புராசஸ், அதாவது முன்பு ஓடிக்கொண்டிருந்த மென்பொருள், சாகவே இல்லை. போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. கன்ட்ரோல் சி அழுத்தினால் சிக்இன்ட் என்ற சிக்னல் வரும், சாதாரணமாக நோட் உடனே செத்துவிடும். ஆனால் அதற்கு நாமே ஒரு ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன், எழுதிவிட்டால், சாகும் பொறுப்பும் நம் தலையில் வந்துவிடுகிறது. என் ஹேண்ட்லர் டேட்டாபேஸை மட்டும் மூடிவிட்டு "நிறுத்தப்பட்டது" என்று அழகாக ஒரு வரி எழுதியது. தராசு போர்ட்டும் ஒரு டைமரும் திறந்தே கிடந்தன. அவை இருக்கும்வரை புராசஸ் போகாது. உங்கள் விலை டைமரும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். அதன் ஸ்டாப்பில் டைமரை நிறுத்தும் கிளியர் இன்டர்வல் இருக்கிறதா, பாருங்கள்.

நிறுத்தும் வரிசை, தொடங்கிய வரிசைக்கு நேர் தலைகீழ். முதலில் வெப் சர்வர் புது வேலை வாங்குவதை நிறுத்தட்டும், கையில் இருப்பதை முடிக்கட்டும், கடைசியில் டேட்டாபேஸ். சர்வர் குளோஸ் சொன்னாலும் கவுன்டரில் திறந்திருக்கும் பிரவுசர், அடுத்த கோரிக்கைக்காக மூடாமல் வைக்கும் கீப் அலைவ் கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கும். நோட் 19 முதல் சும்மா கிடக்கும் கனெக்‌ஷன்களை அதுவே மூடிவிடுகிறது. 18 என்றால் 18.2 இல் வந்த குளோஸ் ஐடில் கனெக்‌ஷன்ஸை நீங்கள் கூப்பிட வேண்டும்.

நிறுத்தி முடிக்க நேரக் கெடுவும் வையுங்கள். நோட்டைத் தொடங்கி நிறுத்த டாக்கர், பிஎம்டூ போன்ற கருவிகளைப் பயன்படுத்தினால் அவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. டாக்கர் ஸ்டாப் சொன்னால் வழக்கமாகப் பத்து வினாடி பொறுக்கும், பிஎம்டூ இரண்டு வினாடிகூடப் பொறுக்காது, 1.6 வினாடிதான். அதன்பின் வருவது சிக்கில் என்ற கட்டாயமாகக் கொல்லும் சிக்னல், அதை யாராலும் பிடிக்க முடியாது. பிஎம்டூவின் கெடுவைக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் கெடு அதைவிடக் கொஞ்சம் முன்னதாக முடியட்டும்.

அப்புறம், மழை நாளில் கரண்ட் போனால் எந்த சிக்னலும் வராது, உங்கள் ஸ்டாப் ஃபங்ஷனும் ஓடாது. பாதி எழுதிய ரசீதைக் காப்பாற்றுவது, எழுதினால் முழுதாக எழுது, இல்லையேல் எதையும் எழுதாதே என்ற டேட்டாபேஸின் டிரான்சாக்‌ஷன்தான். கொடுத்த வெள்ளியின் பற்றும் வந்த கொலுசின் வரவும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போகட்டும்.

நெஸ்ட் ஜேஎஸ்? ஐந்து மாட்யூலுக்கு வேண்டாம் என்பேன். நல்ல ஃபிரேம்வொர்க்தான், வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கேயும் எனேபிள் ஷட்டவுன் ஹுக்ஸ் என்று ஒரு வரி நீங்கள் எழுதாவிட்டால் அது சிக்னலைக் காதில் வாங்காது, தராசு அங்கேயும் மூடாது. முதலில் இந்த ஸ்டார்ட், ஸ்டாப்பை எழுதிப் பாருங்கள். அப்படியும் போர்ட் திறக்கவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் எத்தனை நோட் ஓடுகிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.