சிறு அசைவு, பெரிய வலிப்பு

அவையோருக்கு வணக்கம். வலிப்பு என்றதும், கைகால் வெட்டி இழுத்து வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. வெஸ்ட் சிண்ட்ரோம் என்னும் குழந்தை வலிப்பில் அப்படி எதுவும் இராது. அதனாலேயே அது வாரக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

பெரும்பாலும் பிறந்து மூன்று மாதத்திற்கும் ஒரு வயதிற்கும் இடையில் தொடங்கும் இந்நோயில், தூங்கி விழித்த குழந்தை திடீரெனத் தலையைக் கவிழ்த்து, இரு கைகளையும் விரித்துத் தூக்கி, ஓரிரு நொடியில் தளரும். சற்று நேரத்தில் அதே அசைவு மறுபடி வரும், பிறகு மறுபடியும். வீட்டார் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவம் படித்தவர்களும் இதில் ஏமாறுவதுண்டு.

இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் மருத்துவராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனிடம் இந்தத் தலைக்குனிவைக் கண்டு, இரத்தம் உறிஞ்ச அட்டை விடுவது முதல் அபினி வரை முயன்றும் பலனின்றி, 1841இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

இந்த அசைவுகளை மட்டும் நோயென்று கருதக் கூடாது. அசைவில்லாத வேளையிலும் மூளையின் மின்னலைகள் ஒழுங்கிழந்து கொந்தளிக்கின்றன. மூளை மின்னலைகளைப் பதியும் ஈஈஜி சோதனையில் தெரியும் அந்தக் கோலத்திற்கு 1952இல் மூளை மின்னலை ஆய்வாளர்களான கிப்ஸ் தம்பதியர் ஹிப்ஸாரித்மியா எனப் பெயரிட்டனர். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பை மறப்பதும், தலை நின்ற குழந்தை மீண்டும் துவள்வதும் இந்தக் கொந்தளிப்போடு சேர்ந்தே நிகழ்கின்றன. பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்தது, பிறந்த நாட்களில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்தது, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல; சில குழந்தைகளில் காரணமே புலப்படுவதில்லை.

ஆகவே, ஐயம் எழுந்தால் அசைவைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். தூக்கத்தையும் சேர்த்துப் பதிவாகும் ஈஈஜி தேவைப்படும். வழக்கமான வலிப்பு மருந்துகள் பல இதற்குப் போதா. ஏசிடிஎச் என்னும் ஹார்மோன் ஊசி, பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்னும் வலிப்பு மருந்து ஆகியவையே முதன்மையான மருந்துகள். முதலிரண்டும் இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம், தொற்று எளிதில் பற்றவும் இடம்தரலாம். மூன்றாவது பார்வைப் பரப்பைக் குறுக்கலாம். இத்தனை அபாயம் இருந்தும் தாமதமின்றித் தொடங்கச் சொல்கிறோம், ஏனெனில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் வளர்ச்சியைப் பாதிக்கிறது. அசைவு நின்ற பிறகும் அலைகள் அடங்காதிருக்கலாம். எனவே ஈஈஜியை மீண்டும் எடுத்துப் பார்த்த பிறகே மருத்துவர் அடுத்த முடிவுக்கு வருவார்.