கொரோனா காசு யாருக்குப் போச்சு, ஊர்ல வாசிச்சாங்களா?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கரகரங்குது, பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காந்துருங்க.

2020 மார்ச் 26, ஊரடங்கு ஆரம்பிச்ச மறுநாள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், விவசாயிங்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்துலயே தலைக்கு 2000 ரூபா, மொத்தம் 8 கோடியே 69 லட்சம் பேருக்குன்னு அறிவிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது புதுக் காசு இல்லைங்க, மத்திய அரசோட பிஎம் கிசான் திட்டத்துல விவசாயிக்கு வருஷத்துக்கு மூணு தவணையா வர்ற 6000 இருக்குல்ல, அதுல எப்படியும் வரவேண்டிய ஒரு தவணையைச் சீக்கிரம் போட்டுட்டு நிவாரணம்னு பேர் வச்சாங்க. அதுவும் நிலம் சொந்தப் பேர்ல இருந்தாத்தான். குத்தகைக்கு உழுறவருக்கு அதுல பைசா கிடையாது.

சரி, அந்தத் திட்டத்துல நம்ம தமிழ்நாட்டுல என்ன நடந்துச்சு? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டத்துல ஏஜெண்டுங்க ஊர் ஊராப் போயி, கொரோனா காசு வருது, ஆதார் கார்டும் பாஸ்புக்கும் குடுங்கன்னு வாங்கி, வேளாண் ஆபீசோட லாகின் பாஸ்வேர்டை வச்சு கம்ப்யூட்டர் சென்டர்லயே ஏத்திட்டாங்க, சென்ட் நிலம் இல்லாதவங்க எல்லாம் ராத்திரியோட ராத்திரியா விவசாயி ஆயிட்டாங்க. அஞ்சரை லட்சம் பேர் தகுதி இல்லாம சேந்துட்டாங்க, சுமார் 110 கோடி போயிருச்சுன்னு 2020 செப்டம்பர்ல வேளாண் துறை செயலாளர் ககன்தீப் சிங் பேடியே சொன்னாரு. சிபிசிஐடி வந்துச்சு, கைது நடந்துச்சு, காசையும் திருப்பி வசூல் பண்ணாங்க. யாருகிட்ட? ஏஜெண்டுக்குக் கமிஷன் குடுத்துட்டு மிச்சத்துல அரிசி பருப்பு வாங்கித் தின்ன கூலிக்காரங்க அக்கவுண்டுலயும்தான்.

இங்க ஒண்ணு யோசிங்க. யாருக்கு எத்தனை ஏக்கர், யாரு பட்டா யாரு பேர்ல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாம இருக்கலாம், நம்ம டீக்கடை பெஞ்சுக்குத் தெரியாதா? பட்டியலை ஒருதடவை சத்தமா வாசிச்சிருந்தா, "ஏய், அவனுக்கு ஏதுடா நிலம்"னு நாலு பேர் கேட்டிருப்பான். வாசிக்க வேண்டிய இடம் கிராம சபை. அந்த வருஷம் அக்டோபர் 2 கிராம சபையையே கொரோனான்னு சொல்லி ரத்து பண்ணிட்டாங்க. டாஸ்மாக் திறந்திருந்துச்சு, அதை நான் சொல்லல, உங்களுக்கே தெரியும்.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் இல்ல. நாடு பூரா 20 லட்சத்துக்கு மேல தகுதியில்லாதவங்களுக்கு 1364 கோடி போயிருக்குன்னு 2021ல ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டுத்தான் வெளிய வந்துச்சு, அதுல பாதிக்கு மேல வருமான வரி கட்டுறவங்க! அந்த 2005 சட்டத்தோட 4ஆவது பிரிவுல, மானியம் வாங்குறவங்க விவரத்தை நாம கேக்காமலே அரசாங்கம் வெளியிடணும்னு இருக்கு. பேரு, ஊரு, எத்தனை தவணை, அது போதும். ஆதார் நம்பரும் அக்கவுண்ட் நம்பரும் நமக்கு எதுக்கு, அதை ஒட்டுனா இன்னொரு திருடன் வருவான்.

பிஎம் கிசான் வெப்சைட்லயே ஊர்வாரியா பட்டியல் இருக்கு, போன் வச்சிருக்க பசங்க இப்பவே நம்ம ஊரைத் தட்டிப் பாருங்க. அதுல இல்லாத விவரம் வேணும்னா நம்ம மாநில வேளாண் ஆபீசுக்கு ஆர்டிஐ மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், 30 நாள்ல பதில் வரணும். எழுத வராதவங்க கூட்டம் முடிஞ்சதும் அந்த வேப்பமரத்துக்கிட்ட வாங்க, பேப்பரும் பேனாவும் நான் கொண்டாந்திருக்கேன்.