625001: நம்ம ஊர் பின்கோடு

நேயர்களுக்கு வணக்கம். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வீதிக் கடை பில்லிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய 625001 பற்றித்தான் பேசப் போகிறேன். மதுரை தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு.

நான் கணக்கு வாத்தியார். ஒருநாள் வகுப்பில் கடிதத்துக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தலையைத் தூக்கி, "சார், இது பகா எண்ணா?" என்றாள். ஒற்றைப்படை, கடைசியில் 5 இல்லை, இலக்கங்களைக் கூட்டினால் 14, அதனால் 3-ஆலும் வகுபடாது. பார்வைக்குப் பகா எண் போலத்தான் இருக்கிறது. ஆனால் பார்வையை நம்பிப் பதில் சொல்ல முடியுமா?

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரம், கடைசி மூன்று அந்த வட்டாரத்துக்குள் இருக்கிற அஞ்சலகம். தபாலுக்காக 625, 001 என்று வெட்டுகிற அதே இடத்தில் கணக்குக்காகவும் வெட்டலாம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஏனென்றால் 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. 625-ஐ 1001-ஆல் பெருக்கினால் 625625, அதிலிருந்து 624-ஐக் (625-இல் 1 போனால் 624) கழித்தால் நம்ம 625001. அப்படியானால் 624 மட்டும் போதும், அது இந்த மூன்றில் எதால் வகுபடுகிறதோ அதாலேயே முழு எண்ணும் வகுபடும். 7-க்கு மீதி 1, 11-க்கு மீதி 8, 13-க்கு மீதியே இல்லை, சரியாக 48 தடவை!

ஆக, பகா எண் இல்லை. 13-ஆல் வகுத்தால் 48077. இதற்குக் குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை, உட்கார்ந்து வகுக்க வேண்டியதுதான். 17-லிருந்து 127 வரை 25 பகா எண்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. அடுத்த எண் 131, அதில் மாட்டிக்கொண்டது. 13 × 131 × 367, மூன்றுமே பகா எண்கள். அதிலும் 131 தனி அழகு: இலக்கங்களை இடம் மாற்றி 113, 311 என்று எழுதினாலும் பகா எண்தான்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னதும் திருப்பரங்குன்றத்துப் பையன் ஒருவன் தன் ஊர் 625005-ஐ எடுத்தான். 625-இல் 5 போனால் 620. ஏழும் இல்லை, பதினொன்றும் இல்லை, பதிமூன்றும் இல்லை. முகம் சுருங்கிவிட்டது. "கடைசி இலக்கத்தைப் பாருப்பா, அப்புறம் கூட்டிப் பாரு" என்றேன். 5-ஆல் வகுபடும், கூட்டினால் 18, அதனால் 9-ஆலும் வகுபடும். 5, 9 இரண்டாலும் வகுத்தால் 13889, அது 17 × 19 × 43. தலைமை அஞ்சலக எண்ணுக்கு மொத்தம் 8 வகுஎண்கள், அவன் ஊர் எண்ணுக்கு 48. மணி அடித்த பிறகும் அந்த 48-ஐயும் ஒவ்வொன்றாக எழுதிவிட்டுத்தான் பெஞ்சை விட்டு எழுந்தான்.