பீட்டில்ஸும் ஆறு பாட்டு இரவல் வாங்கித்தான் வந்தார்கள்

நடுவர் அவர்களே, சபையில் இருக்கிற பெரியவர்களே, எதிரணித் தம்பி தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம். தங்களுக்குப் பிடித்த ராக் குழுவின் பாட்டுகளை நம் மட்டக்களப்புப் பொடியன்மார் திரும்பப் பாடி ட்ரிபியூட் ஆல்பம் போடுவது வளர்ச்சியா, வீண்வேலையா என்பது தலைப்பு. வளர்ச்சிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி ஒரு போடு போட்டார்: "ஒரிஜினல் யூடியூபில் சும்மா கிடக்குது, பிறகு இவர்கள் பாடுறதை யார் கேட்பது? சொந்தமா நாலு பாட்டுப் போடட்டுமே!" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

சரி, சொந்தப் பாட்டிலிருந்தே தொடங்குவோம். அதற்கு இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸை விடப் பெரிய பெயர் ஏது? 1963இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, அதில் 6 மற்றவர்களுடையது. பெப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டை ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள், கடைசியாக எடுத்தது 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', அதைப் பாடிய ஜோன் லெனனுக்கு அன்றைக்குத் தடிமன், தொண்டை கரகரத்துப் போயிருந்தது, அந்தக் குரலோடு அவர் கத்திய கத்தலில் அது பீட்டில்ஸ் பாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின வருஷம் ஐஸ்லி பிரதர்ஸ் பாடிய பாட்டு அது, அவர்களுக்கும் முன்னால் இன்னொரு குழு பாடியது. மூன்றாம் கை!

அடுத்தது, "யார் கேட்பது?" கனடாப் பாடகர் லெனர்ட் கோஹென் 1984இல் 'அல்லேலூயா' பாடினார். அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட மாட்டோம் என்று அவருடைய கம்பனியே கைவிரித்துவிட்டது. 1991இல் ஒரு பிரெஞ்சு இசைப் பத்திரிகை கோஹெனுக்கு ஒரு ட்ரிபியூட் ஆல்பம் போட்டது. (கோஹென் ராக் குழு இல்லையே என்று எதிரணி துள்ள வேண்டாம், பாடினவர்களில் ஆர்.இ.எம்., பிக்ஸிஸ் என்ற ராக் குழுக்கள் எல்லாம் இருக்கிறார்கள்.) அதில் ஜோன் கேல் என்ற பாடகர் 'அல்லேலூயா'வை எடுத்தார். வரிகளைக் கேட்டதற்கு கோஹென் ஃபாக்ஸில் பதினைந்து பக்கம் அனுப்பினாராம், கேல் அதிலிருந்து தனக்குப் பொருந்தியதைப் பொறுக்கி பியானோவோடு பாடினார். அதைக் கேட்டுத்தான் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி 1994இல் பாடினார். இன்றைக்கு அந்தப் பாட்டு போகாத நாடு இல்லை. கம்பனி தள்ளிவிட்டதை ரசிகர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுக்கிறார். அண்ணே, மட்டக்களப்பில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? கூத்து வாத்தியாரான அண்ணாவியார் பழைய ஏட்டை எடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, கூத்துக் களரி கட்டி ஆட விடுகிறார். போன தலைமுறை ஆடியதுதானே என்று சொல்லி யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்களா? விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்தை 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார், அதில் ஆடிய மௌனகுரு பிறகு கூத்தைத் தன் வழியில் எங்கேயோ கொண்டுபோனார். பழசைக் கையில் எடுக்காமல் இது நடந்திருக்காது.

ஒரு பாட்டைக் கேட்பது வேறு, பிரித்துப் போட்டு ஒலிப்பதிவு செய்வது வேறு. ஆயிரம் தடவை கேட்ட பாட்டாக இருக்கும், மடிக்கணினியில் ட்ராக் ட்ராக்காகப் போடத் தொடங்கினால்தான் பேஸ் கிட்டார் அந்த இடத்தில் ஏன் சும்மா இருக்கிறது, ட்ரம்ஸ் ஏன் கொஞ்சம் பிந்தி விழுகிறது என்று பிடிபடும், பாடுகிறவருக்குத் தன் சுருதி அது இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். அங்கே மத்தளம் தெரிந்த ஒரு பொடியன் இருந்தால் அந்தத் தாளத்தை எப்படி உடைப்பான் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. அப்படியே நகல் எடுத்தால் அது கரோக்கே, அந்த இடத்தில் தங்கச்சியோடு எனக்குச் சண்டை இல்லை.

திருட்டு என்றும் ஒரு சொல் விழுந்தது. அமெரிக்கச் சட்டப்படி வெளிவந்த பாட்டை உரிய தொகை கட்டி யாரும் திரும்ப ஒலிப்பதிவு செய்யலாம். வரிகளைத் தமிழில் மாற்றினால் மட்டும் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பொடியன்மார் அதைக் கவனிக்கட்டும். மெட்டாலிகா என்ற பெரிய ராக் குழுவே 2021இல் தங்கள் பாட்டுகளை 53 பேரிடம் கொடுத்துத் திரும்பப் பாட வைத்து, வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தது. ஒரே பாட்டைப் பத்துப் பேருக்கு மேல் பாடியிருக்கிறார்கள், ஒன்று கிட்டாரில் உறுமுகிறது, ஒன்று தாலாட்டு மாதிரி இருக்கிறது.

மணி அடித்தாயிற்று. எதிரணித் தலைவர் எழும்பும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்: 1991இல் ஜோன் கேல் "அடுத்தவன் பாட்டு எனக்கெதற்கு" என்று சொந்தப் பாட்டு எழுதப் போயிருந்தால், ஜெஃப் பக்லி எதைக் கேட்டிருப்பார்?