வடம் யார் கையில்? ஸ்வென்-யோரான் எரிக்சனை முன்வைத்து ஓர் உரை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, என் மனைவிகூட நம்பாத பாராட்டுகளை என் மீது அள்ளிச் சொரிந்த செயலாளர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு விரைய வேண்டியிருந்தும் பெருந்தன்மையோடு அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஆட்டக்காரப் பெருமக்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பதால் பின்வரிசையில் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

2024 ஆகஸ்ட் 26 அன்று 76 வயதில் மறைந்த ஸ்வீடன் நாட்டவர் ஸ்வென்-யோரான் எரிக்சனைக் கால்பந்து ஆட்டக்காரர், பயிற்சியாளர், கழக நிர்வாகி என்று மூன்று கோணங்களில் நான் ஆராய்வேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெர்ம்லாந்து மாநிலத்தின் டோர்ஸ்பி என்னும் சிற்றூரில் வளர்ந்து, வலப்புறத் தடுப்பாட்டக்காரராகக் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடி, முழங்கால் காயத்தால் 27 வயதில் காலணியைக் கழற்றியவர். அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் கார்ல்ஸ்கூகா அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் அளித்த டோர்ட் கிரிப். அவர்தாம் பின்னாளில் டேகெர்ஃபோர்ஸ் அணிக்கு இவரைத் துணைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார்.

1979-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரக் கழகம் எரிக்சனைப் பயிற்சியாளராக அழைத்தது. சமையற்காரர், குழாய் பழுதுபார்ப்பவர் என்று பகலில் வேறு வேலை பார்த்தவர்களும் ஆடிய அணி அது. 1982 தொடக்கத்தில் கழகம் திவாலாகும் நிலையில் இருந்தது, ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யு.இ.எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதிக்காக ஸ்பெயினின் வலென்சியா செல்வதற்கே ரசிகர் மன்றத்திடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அப்படிப் போன அணி, அந்த மே மாதம் இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியைத் தன் சொந்த ஊரில் 1-0 என்றும், ஹாம்பர்க்கிலேயே 3-0 என்றும் வென்றது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதல் ஸ்வீடன் கழகம் அதுவே. பயணச்சீட்டுக்குக் காசு கொடுத்தவன் ரசிகன்! ஊர் கூடித் தேர் இழுப்பது வேறு என்னவாம்?

இத்தாலியில் அவர் கையாண்ட உத்திகளையும், 2000-ஆம் ஆண்டு அங்குள்ள லாசியோ கழகத்துக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்ததையும், இங்கிலாந்து அணிக்கு முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளரானதையும் விரிவாகச் சொல்லக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் நிர்வாகியிடம் போகிறேன்.

1862-இல் தோன்றிய இங்கிலாந்தின் நாட்ஸ் கவுண்டி, உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்துக் கழகம். 2009 வரை ரசிகர்களின் அறக்கட்டளையிடமே அதன் பெரும்பான்மைப் பங்கு இருந்தது. 2009-இல், மத்தியக் கிழக்குச் செல்வந்தர்களின் பணம் தங்கள் பின்னால் இருப்பதாகக் காட்டிக்கொண்ட ஒரு கூட்டத்திடம் அந்த ரசிகர்களே வாக்களித்துக் கழகத்தை ஒப்படைத்தார்கள். நான்காம் நிலைப் பிரிவில் இருந்த அந்தக் கழகத்துக்குக் கால்பந்து இயக்குநராக எரிக்சன் வந்து சேர்ந்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் அந்தக் கூட்டத்தார் அவரை வட கொரியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். கால்பந்து இயக்குநருக்குப் பியாங்யாங்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள்; அவரும் கேட்டிருப்பார். 2010 உலகக் கோப்பைக்கு வட கொரியா தகுதி பெற்றிருந்த நேரம். குழுப் பிரிப்புக் குலுக்கலில் தங்களுக்கு எளிய குழு கிடைக்க உதவ முடியுமா என்று அங்குள்ள அதிகாரிகள் தம்மிடம் கேட்டதாக எரிக்சனே பின்னாளில் சொன்னார். அது நடக்காத காரியம் என்று மறுத்துவிட்டு ஊர் திரும்பினார். டிசம்பரில் குலுக்கல் நடந்தது. எளிய குழு கேட்டவர்களுக்கு வாய்த்தது பிரேசில், போர்ச்சுகல், ஐவரி கோஸ்ட்! கதை இத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சில மாதங்களில் அதே ஐவரி கோஸ்ட் எரிக்சனைப் பயிற்சியாளராக நியமித்தது. ஜூன் 25 அன்று அவருடைய அணி வட கொரியாவை 3-0 என்று வென்றது. உதவி கேட்டு வந்தவர்களுக்கு அவர் செய்த உதவி அது.

சிரித்தது போதும். நாட்ஸ் கவுண்டி என்னவாயிற்று? சொல்லப்பட்ட பணம் வரவேயில்லை. சில மாதங்களில் கழகம் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. எரிக்சன் தமக்குச் சேர வேண்டிய பெருந்தொகையை விட்டுக்கொடுத்து விலகினார். தேரைச் செல்வந்தர் இழுப்பார் என்று ஊர் வடத்தை விட்டது. தேர் தெருவிலேயே நின்றது.

அவருடைய தாய்நாட்டில் இப்படி எளிதில் நடந்துவிடாது. ஒரு கழகம் தன் கால்பந்துப் பிரிவை நிறுவனமாக மாற்றினாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது ஸ்வீடன் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. எரிக்சன் கடைசியாக நிர்வாகப் பொறுப்பேற்றதும் அந்த நாட்டில்தான். தம் மாநிலத் தலைநகரான கார்ல்ஸ்டாட்டின் கழகத்தில் விளையாட்டு இயக்குநராக இருந்தவர், உடல்நலம் குன்றி 2023 பிப்ரவரியில் விலகினார்.

நகர்மன்றத் தலைவர் முன்னிலையில் கேட்கிறேன்: அந்த விதியை நம் சங்கத்தின் சட்டதிட்டத்திலும் ஏன் எழுதக் கூடாது? தீர்மான நகல் வாயிலருகே மேசை மேல் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க இதுவரை பதினேழு கையெழுத்துகள்தாம் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு என் வீட்டாருடையவை. தேநீருக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை இருக்கிறது.